வலைப்பூவுக்குச் சட்டை வாங்கப் போய்ப் பல்லைக் கொடுத்த கதை

என் வலது கடைவாய்ப் பல் ஒன்று இப்போது இல்லை. பிரிக்பீல்ட்ஸ் பல் மருத்துவரிடம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். என் கழுத்தில் விரல்கள் பதிந்திருந்த தடத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்க பாத்ரூமுக்குக் கையெல்லாம் இருக்கா அங்கிள்?" என்று கேட்டார் அந்தப் பெண். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஒருவன், யாரும் படிக்காத தன் வலைப்பூவை அழகுபடுத்தக் காசு கொடுத்து ஒரு தீம் வாங்கினான், அதனால் அடி வாங்கினான் என்பதை எந்த வாயால் சொல்வது? அதுவும் பஞ்சு அடைத்த வாயால்.

பல வருடங்களாக எழுதிவருகிறேன். படித்தது, சாப்பிட்டது, எரிச்சல்பட்டது எல்லாம் அதில் உண்டு. வாசகர்கள்தான் குறைவு. அதற்கு என் எழுத்து காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் ஒருமுறைகூட எனக்கு வந்ததில்லை. தோற்றம்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். அதுவரை போட்டிருந்தது இலவசமாகக் கிடைத்த வெள்ளைத் தீம். அரசாங்கக் கிளினிக்கில் நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

தீம் விற்கும் தளங்களில் நாள்கணக்காக அலைந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதிரிப் பக்கம் உண்டு. அதில் பனிமலை, காப்பிக் கோப்பை, தாடி வைத்த வெள்ளைக்காரன். அதைப் பார்த்துத் தீம் வாங்குவது, துணிக்கடைப் பொம்மை போட்டிருக்கும் சட்டையை நம்பி வாங்குவது போலத்தான். பொம்மைக்குத் தொப்பை கிடையாது.

கடைசியில் ஒன்று என்னை வீழ்த்தியது. முழுக் கறுப்புப் பின்னணி. மெல்லிய பொன்னிறக் கோடுகள். நடுவே முட்டை வடிவச் சட்டத்துக்குள் எழுத்தாளரின் படம், கறுப்பு வெள்ளையில். மௌஸைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தால் படம் மெல்ல மெல்ல நிறம் பெறும். சட்டத்தின் இரு பக்கமும் பொன்னில் ஏதோ கொடி அலங்காரம். கீழே பெயர். பெயருக்குக் கீழே அவர் எழுதத் தொடங்கிய வருடமும் கடைசியாக எழுதிய வருடமும், நடுவில் ஒரு சின்னக் கோடு. மௌஸை வைப்பதும் எடுப்பதுமாக அந்தத் தாடிக்காரனுக்கு நான் உயிர் கொடுத்துக் கொடுத்துப் பறித்துக்கொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"ஏங்க இவ்ளோ இருட்டா இருக்கு?"

"இருட்டு இல்ல. கிளாஸ்."

"கரண்டு பில்லு கட்டாத வீடு மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மீன் வெட்டப் போனாள். கத்தி பலகையில் விழும் சத்தத்தைக் கேட்டபடியே வாங்கும் பொத்தானை அழுத்தினேன்.

புதுச் சட்டைக்கு முதல் கட்டுரையாக என் நண்பனைப் பற்றி எழுதினேன். கிள்ளானில் என்னோடு ஒரே பள்ளியில் படித்தவன். தெலுக் பங்லிமா காராங்கில் லோரி கம்பெனி நடத்துகிறான். ஒரு காலத்தில் என் வலைப்பூவில் மீன்பிடிப்பதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். வேலை அதிகமானதும் விட்டுவிட்டான். அவனுக்குப் பேச்சு கையிலிருந்துதான் தொடங்கும். பள்ளியில் கால்பந்து நடுவரை அடித்தான். பிற்பாடு பார்க்கிங் இயந்திரம் ஒன்று காசை விழுங்கியதென்று அதைக் குத்தியதில், இயந்திரமும் அவன் சுண்டுவிரலும் ஒரே நேரத்தில் பழுதாயின. தன் லோரியை உரசிவிட்டு ஓடிய ஒருவனைத் துரத்திப் பிடித்து, அவன் காரின் கண்ணாடியைப் பிடுங்கி அவன் மடியிலேயே வைத்துவிட்டு வந்தான். மற்றபடி அன்பானவன். அன்பாக முதுகில் தட்டினாலும் இருமல் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீடு சுங்கை பூலோ. முன்பே ஒரு சம்பந்தம் கடைசி நேரத்தில் கலைந்து, பல மாதங்கள் வெளியே தலைகாட்டாமல் இருந்த பெண் அவள். மாப்பிள்ளையின் பெரியப்பாவோ சகுனம் பார்ப்பதில் மகா கறார். அதனால் நண்பன் வீட்டில் தும்மக்கூடப் பயந்துகொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் என் பரிசாக இருக்கட்டும் என்றுதான் அந்தக் கட்டுரையை எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவனுடைய நல்ல படம் ஒன்றைத் தேடி அந்த முட்டைச் சட்டத்துக்குள் போட்டு, கீழே அவன் பெயரையும் வலைப்பூவில் எழுதிய வருடங்களையும் நிரப்பி, வியாழக்கிழமை காலையில் வெளியிட்டு, இணைப்பை எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் தள்ளிவிட்டேன்.

மதியத்துக்குள் வருகையாளர் எண்ணிக்கை எகிறிவிட்டது. கருத்துப் பெட்டியில் கைகூப்பிய சின்னங்கள் வரிசையாக வந்து விழுந்தன. என்னைத்தான் கும்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். சிலர் அழும் முகம் போட்டிருந்தார்கள். என் நடை அப்படி உருக்கமானது.

நண்பன் போன் செய்யவில்லை. வாயடைத்துப் போயிருப்பான், நேரில் போய்ப் பாராட்டைப் பெற்றுக்கொள்வோம் என்று ஒரு பெட்டி ஜிலேபி வாங்கிக்கொண்டு சாயங்கால ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். அவன் வீட்டு கேட்டருகே மூன்று கால் மரச்சட்டத்தில் ஒரு பெரிய மலர்வளையம் நின்றது. அவனுடைய லோரி டிரைவர்கள் அனுப்பியது என்று ரிப்பனில் எழுதியிருந்தது. ஐயோ, நல்ல காரியம் நடக்கவிருக்கும் வீட்டில் இப்படியா என்று பதறி, முகத்தைத் துக்கமாக மாற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். நண்பன் போர்ட்டிகோவில் நின்றிருந்தான்.

"யாருடா போயிட்டாங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

"நான்தான்டா போயிட்டேன்!"

முதல் குத்து வயிற்றில் இறங்கியது. ஜிலேபிப் பெட்டி பறந்துபோய்ச் சுவரில் மோதி வெடித்தது. குனிந்த என்னைக் கழுத்தைப் பிடித்து நிமிர்த்தி, காரின் முன்மூடியில் மல்லாக்கச் சாய்த்து, கைப்பேசியை என் மூக்கில் வைத்து அழுத்தினான்.

"பாரு! என்னா இது? வாயத் தொறந்து சொல்றா, என்னா இது?"

என் வலைப்பூவின் புதுச் சட்டையை நான் கைப்பேசியில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கைப்பேசிக்கு மௌஸ் கிடையாது. படம் நிறம் பெறவேயில்லை. கறுப்பு வெள்ளையில் அப்படியே உறைந்து கிடந்தது. குறுகிய திரையில் இரு பக்கக் கொடிகளும் ஒடுங்கி, அச்சு அசலாக இரண்டு குத்துவிளக்குகளாக நின்றன. முட்டைச் சட்டம், பெயர், வருடம், கோடு, வருடம். நம் பத்திரிகைகளின் உள்பக்கங்களில் தினமும் பார்க்கும் கண்ணீர் அஞ்சலிதான், கொஞ்சம் விலை உயர்ந்த தாளில்.

"டேய், கம்ப்யூட்டர்ல பாத்தா கலர் வரும்டா. மௌஸ மேல வெச்சா..."

"மௌஸா?" என்றான். அது தவறான பதில் என்பதை அவன் முழங்கை என் விலாவில் விளக்கியது.

அவன் மனைவி வாசலுக்கு ஓடிவந்தார். காப்பாற்ற வருகிறார் என்று நினைத்தேன். "ஏண்ணே இப்படிப் பண்ணீங்க? காலையிலேருந்து போன் அடங்கல. செராஸ்லேருந்து இவுங்க அக்கா அழுதுகிட்டே வந்து, இவரு கேட்டத் தொறந்ததும் பேயின்னு அலறி விழுந்து, மண்டை ஒடஞ்சி தையல் போட்டிருக்கு!"

"அதெல்லாம் கெடக்கட்டும்" என்று என் மார்பில் முழங்காலை ஊன்றினான் நண்பன். "மாப்பிள்ள வீட்ல மத்தியானத்துலேருந்து ஒருத்தரும் போன எடுக்க மாட்டேங்கறாங்கடா. எம் மவ கதவச் சாத்திக்கிட்டு அழுவுறா. இந்தச் சம்பந்தமும் போச்சின்னு வையி, ஒனக்கு நெசமாவே இதே மாதிரி படம் போடறேன்!"

போர்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். எதுவும் உதவவில்லை. கைக்கு அகப்பட்டது அவன் காது, பிடித்துத் திருகினேன். அவன் கத்திய நொடியில் முழங்காலைத் தள்ளிவிட்டு எட்டி உதைத்தேன். அவன் பின்னால் சாய்ந்து மலர்வளையத்தின்மேல் விழுந்தான். எழுந்தபோது தலையெல்லாம் செவ்வந்தி, கையில் சட்டத்திலிருந்து பிய்ந்து வந்த மரக்கால். அதன்பின் காரைச் சுற்றி ஓட்டம். என் முதுகில் ஒன்று, தொடையில் ஒன்று, தடுத்த கையில் ஒன்று. தரையில் கிடந்த ஜிலேபியில் வழுக்கி விழுந்தேன். விழுந்தவனையும் விடவில்லை. பக்கத்து வீட்டு சீனக் கிழவர் மாடியில் நின்று, பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வேன் வந்து நின்றது.

சுங்கை பூலோக்காரர்கள். எல்லோரும் வெள்ளை உடுப்பு. முன்னால் இறங்கிய பெரியப்பாவின் கையில் ரோஜா மாலை. சாவு வீட்டுக்குப் போனில் விசாரிப்பது மரியாதையில்லை, நேரில்தான் போக வேண்டும் என்பது அவர் உத்தரவாம். மத்தியானமே இறந்தவரின் நம்பரிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாக வந்ததில் வீட்டுப் பெண்கள் அலறி, எல்லாப் போனையும் அணைத்துவிட்டார்களாம். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் அவர்கள் பார்த்தது, தலையில் செவ்வந்தியோடு ஒரு பிணம் கட்டையால் ஒருவனை அடித்துக்கொண்டிருப்பதை.

"சம்பந்தி! விடுங்க சம்பந்தி!" என்று பெரியப்பா நடுவே பாய்ந்தார். ஓங்கிய கட்டை நிற்கவில்லை. என் தலைக்காக வந்தது அவர் புருவத்தில் இறங்கியது.

தேங்காய் உடைந்தது போல ஒரு சத்தம். பெரியப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையில் ரத்தம் கோடாக வழிந்தது. அறைக்குள் இருந்த பெண் எப்போது வாசலுக்கு வந்தாள் என்று தெரியாது. அவள் அலறவில்லை. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, தன் அப்பாவின் கையில் இருந்த கட்டையையும் பெரியப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோது, என் தலையிலேயே விழுந்திருக்கலாம் என்று நிஜமாகவே தோன்றியது.

நண்பன் கையிலிருந்து கட்டை நழுவியது.

பெரியப்பா புருவத்தைத் தொட்டு விரலைப் பார்த்தார். பிறகு நண்பனைப் பார்த்தார். "உசுரோடதான் இருக்கீங்களா?"

"இருக்கேன் சம்பந்தி."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும்."

எழுந்தார். நண்பனின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். அவன் தலையிலிருந்த செவ்வந்திகள் உதிர்ந்தன. "இது நான் வேன்ல அழுத அழுகைக்கு. படத்தப் போட்டவன் எங்க?"

எங்கள் நட்பின் இத்தனை வருட வரலாற்றில் நண்பன் இவ்வளவு விரைவாக எந்தக் கேள்விக்கும் பதில் சொன்னதில்லை. விரலை என் பக்கம் நீட்டினான். பெரியப்பா இளமையில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பல் காரின் முன்மூடியில் விழுந்து, உருண்டு, வைப்பரில் சிக்கி நின்றது.

கையை உதறிக்கொண்டு அவர் சொன்னார்: "இருக்கறவர செத்துட்டாருன்னு ஊரே பேசினா ஆயுசு கூடும். இதவிட நல்ல சகுனம் எங்க தேடினாலும் கெடைக்காது. ஞாயித்துக்கெழம தட்டோட வரோம். மொதல்ல மூஞ்சி கழுவத் தண்ணி குடுங்க லா."

பெண் நிலைக்கதவோடு சரிந்து உட்கார்ந்து, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் எழுப்பினாள். ரோஜா மாலையை யார் கழுத்தில் போடுவதென்று தெரியாமல் வேன் டிரைவர் அதைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் மண்டபத்தில் தட்டு மாற்றினார்கள். பெரியப்பாவின் புருவத்தில் பிளாஸ்டர், செராஸ் அக்காவின் தலையில் கட்டு, நண்பனின் காது கத்தரிக்காய் நிறம், எனக்கு ஒரு பக்கக் கன்னம் மட்டும் செழிப்பு. "எந்த ஹைவேல அண்ணே ஆக்சிடன்ட்?" என்று போட்டோகிராபர் விசாரித்தார். பெண் மட்டும் எந்தக் காயமும் இல்லாமல், பச்சைப் பட்டில், மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் பெரியப்பா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் மெல்ல முடியாமல் தவிப்பதைப் பார்த்து, தன் பாயாசத்தையும் என் பக்கம் நகர்த்தினார். அந்தக் கனிவில் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"ஐயா, படத்துக்குக் கீழ ஒரு கட்டுரை எழுதியிருந்தேனே. அவன் இன்னிக்கும் காலையில ரொட்டி சானாய் சாப்பிடறான், ஊரோட சண்ட போடறான்னு மொத வரியிலயே இருக்கு. அத நீங்க படிச்சிருந்தா..."

பெரியப்பா கையை இலையிலேயே நிறுத்தி யோசித்தார்.

"அது கட்டுரையா தம்பி? நான் வெளம்பரம்னு நெனச்சு மேல தள்ளிட்டேன்."