செல்லாத அட்டையும் நிறைந்த வண்டியும்

மூன்று வருடங்களுக்கு முன், டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில், ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை நடந்தது இது. கணவரும் நானும் பிரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மகனும் மகளும் படிப்புக்காகக் கோபன்ஹேகன் போய்விட்டார்கள்.

நகருக்கு வெளியே ஒரு மொத்த விற்பனைக் கடை இருக்கிறது. உறுப்பினர் அட்டை இல்லாமல் அங்கே எதுவும் வாங்க முடியாது. பதினைந்து வருடமாக எங்கள் வீட்டுச் சாமான்கள் அங்கிருந்துதான் வந்தன. எவ்வளவு மலிவு என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன்.

அன்றும் பழக்கதோஷத்தில் தள்ளுவண்டியை நிரப்பினேன். பெரிய கலன் எண்ணெய், பத்துக் கிலோ வெங்காயம், கோதுமை மா, சலவைத்தூள், இரண்டு கையாலும் அணைத்துத் தூக்க வேண்டிய டொய்லெட் பேப்பர் பொதி. காசாளர் பெண் என் அட்டையை இரண்டு தரம் வைத்துப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில், நிறுவனத்தின் பட்டியலில் என் பெயர் இப்போது இல்லை என்று டேனிஷில் சொன்னாள். அட்டை கணவரின் துப்புரவு நிறுவனத்தின் பெயரில் எடுத்தது. அவரைக் குறை சொல்ல முடியாது, எனக்கே அது மறந்துபோயிருந்தது. ஆனாலும் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் என் வீட்டுக் கதை தெரிந்துவிட்டது போலிருந்தது. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்று நினைத்தேன்.

எனக்குப் பின்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழ்ப் பெண் நின்றார். முன்பின் பார்த்ததில்லை.

"தங்கச்சி, என்ர கார்ட்டில போடுவம்," என்றார்.

நான் வேண்டாம் என்றேன். அவர் அதற்குள் அட்டையை நீட்டிவிட்டார். காசை நான் கட்டினேன்.

வெளியே தூறல். என் காருக்குப் பக்கத்தில்தான் அவருடைய காரும் நின்றது. நான் பொதிகளை ஏற்றுவதைப் பார்த்துவிட்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். நாலு பேர் என்று வாய்வரை வந்தது.

"நான் மட்டும்தான், அக்கா."

வேலையிடத்தில் இதை டேனிஷில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். தமிழில் சொன்னது அன்றுதான் முதல் தடவை. இந்தக் கேள்விக்குப் பயந்தே கோயிலுக்கும் கொண்டாட்டங்களுக்கும் போகாமல் இருந்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

"நானும் தனிய ஒராள்தான். ஒராளுக்கு இந்தக் கடையில லாபமில்லை, தங்கச்சி. போன மாதம் அரைவாசி வெங்காயத்தை எறிஞ்சனான். உதில பாதியை எனக்குத் தாறீங்களோ?"

அந்தத் தூறலிலேயே வெங்காயத்தைப் பிரித்தோம். எண்ணெயைப் பிரிக்கப் போத்தல் இல்லாததால், அவர் வீட்டுக்கு வரச் சொன்னார். ஊற்றி முடித்ததும் தேத்தண்ணி போட்டார். பிரிந்த பிறகு நான் இன்னொருவர் வீட்டுக் குசினியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். தன் பங்குக் காசை எண்ணிக் கொடுத்தபோது, அடுத்த மாதமும் சேர்ந்தே வாங்குவோமா என்று கேட்டார்.

இப்போதும் மாதத்தில் ஒரு சனிக்கிழமை சேர்ந்துதான் போகிறோம். அந்த அட்டை எடுத்தால் உண்மையிலேயே மிச்சம் வருமா என்று யாராவது கேட்டால், பங்கு போட ஆள் இருந்தால் வரும் என்கிறேன். அந்த ஆளைத் தேடாமல், நாலு பேருக்குச் சாமான் வாங்கி அடுக்கிவைத்துக்கொண்டு எட்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேனே என்பதுதான் இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.