சித்தியின் ரத்தப் பரிசோதனை

அத்தைக்கு வளைகாப்பு நடந்த அன்று காலையில் அம்மா என்னையும் சித்தியையும் புதுக்கோட்டைக்கு அனுப்பிவைத்தாள். எனக்குப் பள்ளிச் சீருடைத் துணி எடுக்க வேண்டுமாம். பள்ளி திறக்க இன்னும் எவ்வளவோ நாள் கிடந்தது. வீடு நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கும் நாளில்தான் அந்தத் துணிக்கு அப்படி ஓர் அவசரம் வந்தது.

சித்தி என்றால் அப்பாவின் தம்பி மனைவி. மணமேல்குடியிலிருந்து கறம்பக்குடிப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள். அவளுக்கு வயிற்றில் குழந்தை தங்கவில்லை. உண்டாவதும் சில மாதங்களில் கலைந்துபோவதுமாக இருந்தது. கடைசிக் குழந்தைக்கு விரல்கள்கூட வந்துவிட்டிருந்ததாகப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அதன் பிறகு அக்கம்பக்கத்தில் கர்ப்பிணிகள் இருந்தால் சித்தியை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்த நேரம் பார்த்து அவளுக்கு வேறு வேலை வந்துவிடும், அவ்வளவுதான்.

விடிவதற்கு முன்பே எழுந்து வளைகாப்புக்கான புளிச்சோறு, தேங்காய்ச்சோறு எல்லாம் கிளறி வைத்தது சித்திதான். அவள் கைச்சோறு ஆகும், அவள் நிற்பதுதான் ஆகாது. அம்மா விஷயத்தைச் சொன்னதும் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, "சரிக்கா, பொழுது சாய வாரோம்" என்றாள். அம்மா அவள் முகத்தைப் பார்க்காமல், "இவளுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடு" என்று என்னைக் காட்டினாள். எனக்கு ஒரே கொண்டாட்டம். சோற்றுப் பந்தியைவிட பஸ்ஸும் டவுனும் எனக்குப் பெரிதாக இருந்தன.

துணிக்கடையில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. வெளியே வந்த சித்தி சிறிது நேரம் வெயிலில் நின்றாள். பிறகு, "ஒரு எடத்துக்குப் போயிட்டுப் போவமா? ஒங்க சித்தப்பாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள். அது ஒரு பெண் டாக்டரின் கிளினிக். ஊரில் யாரோ அந்த டாக்டரைப் பற்றிச் சொன்னதிலிருந்தே போகவேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாளாம். கூட்டிப்போகத்தான் ஒருவருக்கும் ஒழியவில்லை.

டாக்டர் நிறையக் கேள்விகள் கேட்டார். இரத்த அழுத்தம் பார்த்தார். கால் வீங்குமா என்று கேட்டுப் புடவையைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தவர் அப்படியே குனிந்துவிட்டார். சித்தியின் கெண்டைக்காலில் வலை விரித்ததுபோல ஊதாக் கோடுகள் ஓடும். அது நான் எப்போதும் பார்ப்பதுதான். தண்ணீரில் அதிகம் நிற்பதால் வந்தது என்று வீட்டில் சொல்லுவார்கள்.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"கல்யாணத்துக்கு முந்தியே இருக்குங்க."

டாக்டர் நாற்காலியைச் சித்திக்கு அருகே இழுத்துப்போட்டுக்கொண்டார். "கிருமி உள்ள வந்தா அதை எதிர்க்க ஒடம்பு சில பொருளை உண்டாக்கும்மா. எதிர்ப்பொருள்னு பேரு. சில பேருக்கு அது கிருமியை விட்டுட்டு அவங்க ஒடம்பையே எதிர்க்கும். உங்களுக்கு அப்படி இருக்குமோன்னு சந்தேகப்படறேன். அதனால ரத்தம் அங்கங்க உறைஞ்சு, குழந்தைக்குப் போற ரத்தம் அடைபட்டுப்போகும். டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம்."

"நான் தண்ணிக்குடம் தூக்குனதாலதான்னு சொல்றாங்க."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா. இதுதான்னு தெரிஞ்சா, அடுத்து உண்டானதுலேருந்து ஊசி போட்டுக் குழந்தையைக் காப்பாத்தப் பாக்கலாம். நெறையப் பேருக்குப் பொறந்துருக்கு."

ரத்தம் எடுக்கும்போது சித்தி ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள். நடுநடுவே சிரித்தாள். நோய் இருக்கலாம் என்று சொன்னதற்கு யாராவது சிரிப்பார்களா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பந்தி எடுத்த இடத்திலேயே நின்று எல்லாரிடமும் சொன்னாள். அப்படி அவள் பேசி நான் கேட்டதில்லை. "என்னால இல்லக்கா. ரத்தத்துலதான் கோளாறு இருக்கும் போல. ஊசி இருக்காம்" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதில் ஊசி யார் காதிலும் விழவில்லை. ரத்தத்தில் கோளாறு என்பது மட்டும் விழுந்தது.

முடிவு வந்தபோது டாக்டர் சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது. மூன்று மாதம் விட்டு மறுபடி ஒரு முறை பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றாராம். அதுவரை பொறுக்க எங்கள் வீட்டில் ஆளில்லை. தினம் வயிற்றில் ஊசி போட்டுப் பிள்ளை பெறுவதா என்றார்கள். பிறக்கும் பிள்ளைக்கும் அந்த ரத்தம்தானே என்றார்கள். சித்தப்பா எதிர்த்து எதுவும் பேசவில்லை. சரி என்றும் அவர் சொல்லவில்லை என்பதை அப்பா பிற்பாடு பெரிய நியாயம்போலச் சொல்லுவார்.

மறு வருடம் சித்தப்பாவுக்கு வேறு பெண் பார்த்தார்கள். சித்தி இன்று மணமேல்குடியில் தையல் கடை வைத்திருக்கிறாள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாள். சென்ற ஆண்டு எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அதே நோய்க்கு அதே ஊசி போட்டுக்கொண்டு ஆண் குழந்தை பெற்றாள். பார்க்கப் போன அம்மா குழந்தையைக் கையில் வாங்கவே இல்லை. வீட்டுக்கு வந்து, "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்டி நாங்க" என்றாள்.

சித்தியை அழைத்துப்போக அவளுடைய அண்ணன் கார் கொண்டுவந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மறுபடி டெஸ்ட் எடுத்துட்டு வந்துருவேன். சண்டை போடாம இரு" என்று சித்தி எனக்குத் தலை பின்னிவிட்டாள். உள்ளே அம்மா பீரோவைத் திறந்து அவளுடைய துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கல்யாணப் பட்டுப்புடவையையும் எடுத்து மேலே வைத்தாள்.

ரத்தம் குடுக்கப் போற சித்திக்குப் பட்டுப்புடவை எதுக்கும்மா என்று கேட்டேன். அம்மா பெட்டியை மூடி, என்னை அதன்மேல் ஏறி உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்து அழுத்திய பிறகுதான் பூட்டு விழுந்தது.