எலி அலமாரியில் இருந்த பைக்காக்கள்

அருங்காட்சியகத்தில் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் பல்லக்கா. எந்த விலங்கைக் கையில் கொடுத்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். மூன்றாம் மாடியில் பாலூட்டிகள் அறை அவள் பொறுப்பு. பஞ்சடைத்த தோல்களைப் பூச்சி அரிக்காமல் காப்பது, மண்டையோடுகளைத் தூசி தட்டி எண் போட்ட பெட்டிகளில் வைப்பது என்று இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டாள். கணவர் போன பிறகு மகளும் அந்த அறையும்தான் அவளுக்கு என்றாகியிருந்தது.

எலி அலமாரியின் ஒன்பதாவது இழுப்பறையில் தோலும் மண்டையோடுமாக இருபத்திரண்டு பைக்காக்கள் கிடந்தன. உயரமான மலைகளில் பாறை இடுக்குகளில் வாழும் பிராணி. உள்ளங்கையில் அடங்கிவிடும். வட்டக் காது, வால் இருப்பதே தெரியாது. எலி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஐம்பது வருடத்துக்கு முன் பிடித்து வந்தவரும் அப்படியே சீட்டு எழுதி உள்ளே தள்ளியிருந்தார்.

ஒருநாள் தூசி தட்டும்போது அதில் ஒரு மண்டையோட்டைத் திருப்பிப் பார்த்தாள். மேல்தாடையில் இரண்டு பெரிய முன்பற்கள். அவற்றின் முதுகோடு ஒட்டிக்கொண்டு குச்சிமுனை மாதிரி இன்னும் இரண்டு. எலிக்கு அது கிடையாது, முயலுக்கு உண்டு. புத்தகங்களைப் புரட்டினாள். சந்தேகமே இல்லை. பாலூட்டிகளில் முயல் வரிசை என்பது ஒரு தனி வீடு. அதில் முயல்கள் ஒரு குடும்பம், பைக்காக்கள் இன்னொரு குடும்பம். எலியும் அணிலும் என்றைக்கோ பாகம் பிரிந்துபோன பங்காளிகள்.

பிரிவுத் தலைவரிடம் ஓடினாள்.

"எலி மாதிரி இருக்கு, எலியோட இருக்கு. அதுக்கென்ன இப்போ?" என்றார் அவர்.

"வாயைப் பாருங்க சார். இது முயலுக்குச் சித்தப்பா பிள்ளை. அந்த அலமாரிக்கு மாத்தணும்."

"மாத்தணும்னா படிவத்துல நிபுணர் கையெழுத்து வேணும். நிபுணர் ரிட்டயர் ஆகி மூணு வருஷமாச்சு. புதுசா யாராவது வரட்டும், பார்ப்போம்."

யாரும் வரவில்லை. வருடா வருடம் அவள் படிவம் கொடுத்தாள். அது அவர் மேசையிலேயே கிடந்தது.

பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது. மூன்றாம் மாடியில் ஒளிக்காட்சி அரங்கம் வரப்போகிறது, இடம் வேண்டும். எலிகள் ஏராளமாக இருப்பதால் அந்த அலமாரி மொத்தமும் உபரி. பழைய தோல்களில் பூச்சிக்காகப் பாஷாண விஷம் பூசியிருப்பதால் குப்பையில் போடக் கூடாது, உலையில் எரிக்க வேண்டும்.

பல்லக்கா ஒரு மண்டையோட்டையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கே போய்விட்டாள். அவர் நிதானமாகப் பார்த்தார்.

"நீங்க சொல்றது சரிதாம்மா. நாலு பல் இருக்கு."

"அப்ப காப்பாத்துங்க சார்."

"எரிக்கிற பட்டியல் கையெழுத்தாகிப் போயிடுச்சே. அதுல எலின்னுதான் இருக்கு."

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், இருபத்திரண்டையும் ஒரு தட்டில் அடுக்கி முயல் அலமாரியின் கீழ்த்தட்டில் கொண்டுபோய் வைத்தாள். இரண்டே நாள். கணக்கு உதைத்தது, தேடினார்கள், கிடைத்துவிட்டது. திருட்டு என்று எழுதாமல் விட்டது பிரிவுத் தலைவர் காட்டிய தயவு. எரிக்கும்போது சாட்சிக் கையெழுத்து அவள்தான் போட வேண்டும் என்றார்கள். போட்டாள். உலைக்காரர் பைக்காக்கள் இருந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்டார். பஞ்சுக்கு என்ன கனம் இருக்கும்?

வீட்டில் மகள் தட்டை நகர்த்தி வைத்தாள். "சாப்பிடும்மா. செத்த எலிக்குப் போயா இப்படி?"

"எலி இல்லடி," என்றாள்.

அவளை நுழைவுச்சீட்டு ஜன்னலுக்கு மாற்றினார்கள். வரும் தபாலைப் பிரித்து மாடிகளுக்கு அனுப்புவதும் அங்கே அவள் வேலை. ஒன்றரை வருடம் கழித்து, தபால்கட்டில் பாலூட்டிகள் பிரிவுக்கென்று வந்த கடிதம் ஒன்று அவள் கண்ணில் பட்டது. வெளியூர் ஆராய்ச்சியாளர் ஒருத்தி எழுதியிருந்தாள். ஒரு மலைச்சரிவின் பெயரைச் சொல்லி, அங்கே வெயில் ஏறி ஏறிப் பைக்காக்கள் அற்றுப்போய்விட்டன என்றிருந்தாள். அங்கே முன்பு பிடித்தவை உலகத்தில் வேறெந்த அருங்காட்சியகத்திலும் இல்லை, உங்களிடம் சில இருப்பதாகப் பழைய பயணக்குறிப்பு ஒன்று சொல்கிறது, தோலில் ஒரு துணுக்கு தர முடியுமா என்று கேட்டிருந்தாள்.

கடிதத்தை மேலே அனுப்பினாள். இரண்டு மாதம் பொறுத்து விசாரித்தாள். "என்ன கடிதம்?" என்றார் பிரிவுத் தலைவர்.

முகவரி அவளிடம் இருந்தது. கூட்டம் இல்லாத ஒரு காலையில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பதில் எழுதினாள். இருபத்திரண்டு இருந்தன, இப்போது ஒன்றுகூட இல்லை. எரித்த தேதியையும் போட்டாள். ஏன் என்று எழுதப் பார்த்தாள். இரண்டு முறை அடித்துவிட்டு அப்படியே மடித்து ஒட்டினாள்.

பதிலுக்குப் பதில் வரவில்லை. வர என்ன இருக்கிறது? அந்த வருடக் கடைசியில் அவள் ஓய்வு பெற்றாள்.