மாடசாமி மேட்டுக் குளவிகள்

எனக்கும் பூஞ்சணத்துக்கும் ஜென்மப் பகை. தொண்ணூறுகளின் நடுவில் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்துசாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது என்னை முதலில் வரவேற்றது அதுதான். மழை பிடித்துவிட்டால் சப்பாத்துக்குள் பூக்கும், இடுப்பு வாரில் பூக்கும், அலுமாரியில் மடித்து வைத்த கல்யாணச் சட்டையில்கூடப் பூக்கும். இருமல் மருந்துக்கு ஜனங்கள் கொண்டுவரும் பழைய சாராயப் போத்தல்களை மோந்து பார்த்து, கழுவாததைத் திருப்பி அனுப்பிவிடுவேன். முசுடன் என்று தோட்டம் முழுக்க எனக்குப் பெயர். பொய்யில்லை.

அந்த முசுடனை நம்பிப் பண்டாரவளையிலிருந்து ஒருத்தி கல்யாணமாகி வந்தாள். கடைத்தெருவும் ரயில் சத்தமுமாக வளர்ந்தவள். இங்கே அந்தியில் பனி மூடினால் பக்கத்து லயத்து வீடுகள்கூடத் தெரியாது. வந்த மூன்றாவது மாதமே, "என்னங்க, பதுளைப் பக்கமா ஒரு தோட்டத்துக்கு மாத்தம் கேளுங்களேன்" என்றாள். கேட்டு எழுதிப் போட்டேன். ஆனால் எனக்கு அந்த மலையை விட மனமில்லை. பதில் வருவதற்குள் இவளுக்கு இந்த இடம் பிடித்துவிட வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை.

தெய்வத்தை மட்டும் நம்பாமல் இரண்டு தேனீப் பெட்டிகளையும் வாங்கி வந்து கொய்யா மரத்தடியில் வைத்தேன். தந்திரம் பலித்தது. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாளென்றால் தேத்தண்ணி ஆறிப்போகும் வரை எழும்ப மாட்டாள். ஒரு மாதம் பதுளைப் பேச்சே எழவில்லை. நானும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன்.

தை பிறந்து வெயில் வந்ததும் கூடவே குளவியும் வந்தது. மலையில் கூட்டமாய்ப் பாய்ந்து கொழுந்து பறிக்கும் பெண்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற ஜாதி இல்லை. இது கறுப்பும் மஞ்சளுமாய், தேனீயைவிடக் கொஞ்சம் பெரிதாய், தனியே வேலை பார்க்கிற ஒன்று. பூவில் இருக்கும் தேனீயின் மேல் விழும், ஒரே கொட்டு, தேனீ அசையாது. வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒன்றிரண்டு பிறகு பத்து இருபதாகி, பெட்டிகள் இளைக்கத் தொடங்கின.

"இதுவும் போச்சுன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். மாத்தம் வந்ததும் சொல்லி அனுப்புங்க" என்றாள் அவள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் அன்றே குளவிகளின் இருப்பிடத்தைத் தேடத் தொடங்கினேன்.

ஒரு குளவியைப் பின்தொடர்ந்து ஓடியதில் மாடசாமி மேட்டில் போய் நின்றேன். அது ஒரு மணற்பாங்கான கரை. அதில் ஒரு கல், கல்லில் மஞ்சள். தினமும் காலையில் பெரட்டுக் களத்தில் கூடிப் பேர் கொடுத்து வேலைக்குப் புறப்படும் பெண்கள், கங்காணி அங்கே கற்பூரம் காட்டிய பிறகுதான் மலை ஏறுவார்கள். கல்லுக்குக் கீழே கரை முழுவதும் குளவித் துளைகள். மறுநாள் காலை மண்ணெண்ணெய் டின்னோடு போனேன்.

"மருந்தையா, கையில என்னங்க அது?" என்றார் கங்காணி. பின்னால் கூடையும் கையுமாக இருபது பெண்கள்.

"மண்ணெண்ணெய். இந்தக் குளவியை ஒழிக்கப் போறேன்."

"சாமி காலடிங்க அது. அங்க எண்ணெய ஊத்துனீங்கன்னா நாளைக்கு ஒரு பொம்பள மலை ஏற மாட்டா. உங்க டிஸ்பென்சரிக்கும் வர மாட்டா."

குளவிக் கூட்டில் கல்லெறிந்த கதையாகிவிட்டது. இருபது பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்க, டின்னைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

சித்திரை மழையில் கரையின் ஒரு மூலை சரிந்தது. செய்தி கேட்டு நானும் அவளும் ஓடினோம். மண்ணுக்குள் இருந்த சின்னச் சின்ன அறைகள் பிளந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று தேனீக்கள் அடுக்கியிருந்தன. என் பெட்டித் தேனீக்கள்தான். அறையின் கூரையில் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளையாய் ஒரு பூச்சு.

கங்காணி குனிந்து பார்த்தார். மனிதர் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனார்.

"பாத்தீங்களா! மாடசாமி குளவி வூட்டுக்கும் துன்னூறு பூசி வச்சிருக்கு!"

விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான், பெண்கள் முண்டியடித்தார்கள். இருந்ததோ தீக்குச்சி முனையளவு. எனக்குக் கிடைக்கவில்லை, உனக்கு அதிகம் என்று சண்டையே வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கங்காணி, அது குளவி எச்சிலுங்க!"

"உங்க மாத்திரையும் வெள்ளையாத்தானே இருக்கு? அத நாங்க கேள்வி கேக்காம முழுங்கலையா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

என் மனைவி மட்டும் அந்தக் கும்பலில் சேரவில்லை. செத்த தேனீக்களைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்ததும் என்னுடைய இரண்டு மருந்துப் போத்தல்களை எடுத்து ஈரப் பஞ்சு போட்டு, ஒன்றில் குளவி அறைத் தேனீயையும், மற்றதில் பெட்டிக்கு முன்னால் தானாகச் செத்துக் கிடந்த தேனீயையும் வைத்தாள். மூன்றாம் நாள் பெட்டித் தேனீ சாம்பல் நிறத்தில் மயிர் பிடித்துப் போயிருந்தது. குளவி அறைத் தேனீ துடைத்து வைத்தது போல மினுங்கியது. அதிலும் பூஞ்சணம் வரத்தான் செய்தது, ஆனால் பல நாள் கழித்து.

"எண்ணெய் பூசியிருக்குங்க," என்றாள் போத்தலை வெயிலில் திருப்பிப் பார்த்துக்கொண்டு. "ஊறுகாய்க்கு மேல நல்லெண்ணெய் ஊத்தி வைக்கிறோமே, அந்த மாதிரி. ஈரம் ஒட்டாது."

நான் படித்தவன் என்ற தோரணையில், "குளவிக்கு எதுடி எண்ணெய்?" என்றேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டுக்குக் கிளம்பினாள்.

பல வருடம் கழித்து, எங்கள் மகள் கணினியில் எதையோ தேடும்போது இதே குளவியைப் பற்றிய ஒரு கட்டுரை கிடைத்தது. வாசிக்க வாசிக்க என் முகம் சுருங்கிப் போயிற்று. எண்ணெய் உண்மைதான். குளவி தன் தலையிலுள்ள ஒரு சுரப்பியிலிருந்து எடுத்துத் தேனீயின் உடம்பு முழுக்க நக்கிப் பூசுகிறது. நீர்த்துளி தங்காது, பூஞ்சணம் பிடிக்கத் தாமதமாகும், அதற்குள் புழு சாப்பிட்டு வளர்ந்துவிடும். அந்த வெள்ளை இன்னும் பெரிய சமாச்சாரம். குளவி தன் உணர்கொம்புகளுக்குள் ஒருவகைப் பாக்டீரியாவை வைத்து வளர்க்கிறதாம். அதைப் பிதுக்கி அறைக் கூரையில் பூசிவிட்டுப் போகும். புழு கூடு கட்டும்போது அதையும் நூலோடு சேர்த்துக்கொள்ளும். பாக்டீரியா ஒன்றல்ல, பல மருந்துகளைச் செய்து கூட்டின் மேல் படர விடுகிறது. கிருமி ஒன்றுக்குத் தப்பினால் மற்றதில் மாட்டும். நானோ அந்தக் காலத்தில் தோட்டம் முழுமைக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்தவன். கங்காணி நெற்றியில் வைத்தது என் அலுமாரியில் இருந்ததைவிடத் தரமான சரக்கு. அவர் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் என்னை ஓட ஓட விரட்டிக் கேலி செய்திருப்பார். அதற்காகவே அவர் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அந்த வருடத்துக்கு வருகிறேன். வைகாசியில் ஒரே நாளில் இரண்டு அடி விழுந்தது. காலையில் பார்த்தால் பெட்டிகள் காலி. மிச்சமிருந்த தேனீக்களும் கிளம்பிப் போய்விட்டன. மதியம் தபால்காரர் மாற்றக் கடிதத்தைக் கொடுத்தார். பதுளை டவுனுக்கு நடந்தே போய்விடக்கூடிய தோட்டம். எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அவளைத் தேடினேன்.

அவள் மாடசாமி மேட்டில் இருந்தாள். சரியாமல் தப்பிய துளைகளைச் சுற்றி ஆடு மிதிக்காமல் குச்சி நட்டு, எங்கள் பழைய குடையை மேலே விரித்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"தேனீ எல்லாம் போயிருச்சு" என்றேன்.

"காலையிலேயே பாத்தேன்."

கடிதத்தை நீட்டினேன். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வாசித்தாள்.

"எப்ப போகணுமாம்?"

"வர்ற மாசம் ஒண்ணாந் தேதி."

"அதெப்படிங்க முடியும்? உள்ள குளவிப் புள்ளைங்க இருக்கு. வெளிய வர்றத நான் பாக்க வேணாமா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேணாம்னு எழுதிருங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே எழுதினேன். மறுப்புக்குக் காரணம் காட்ட வேண்டும். குடும்ப நிலைமை என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். நான், "என் மனைவிக்கு இந்த இடம் பிடித்துவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.