தங்கராஜ் அண்ணாச்சியின் கட்டில்கள்

சென்ற வியாழக்கிழமை காலை, காளிகாட் மெட்ரோ நிலையத்தின் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது நிமாய்தாவிடமிருந்து அழைப்பு வந்தது. பவானிபூரில் அண்ணாச்சியின் மளிகைக்கடைக்கு அடுத்தாற்போல் தையற்கடை வைத்திருப்பவர் அவர். "தீதி, அன்னாச்சிதா ஆர் நேய்" என்றார். அக்கா, அண்ணாச்சி இனி இல்லை. பதினொரு நாளாக மருத்துவமனையில் இருந்தவர்தான், மருத்துவர்களும் கைவிரித்துவிட்டார்கள். தெரிந்திருந்தும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உடன்குடியிலிருந்து இருபத்தைந்து வயதில் கொல்கத்தாவுக்கு வந்து, இட்லி அரிசியும் புளியும் அப்பளமும் விற்றுப் பிழைத்தவர் தங்கராஜ் அண்ணாச்சி. தெருவிலுள்ள வங்காளிகள் 'அண்ணாச்சி' என்பதே அவர் பெயர் என்று எண்ணி, மரியாதைக்கு ஒரு 'தா'வும் சேர்த்து அழைத்தார்கள். அவர் யாரையும் திருத்தியதில்லை. மாற்றலாகி இந்த ஊருக்கு வரும் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேர் முதல் மாதம் தூங்கியது அவர் கொடுத்த கட்டிலில்தான். நானும் அப்படி வந்தவள்.

ஒன்பது வருடங்களுக்கு முன், திருச்சியிலிருந்து மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு மாற்றலாகி, இரண்டு பெட்டியோடும் ஆறு வயது மகளோடும் வந்து இறங்கினேன். கணவருக்கு வேலை திருச்சியில். மொழி புரியவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, நாட்டைவிட்டே வந்துவிட்டதுபோல இருந்தது. காளிகாட் பக்கம் தரைத்தளத்தில் ஒரு வீடு கிடைத்தது. அதில் ஒரு பல்புகூட இல்லை. கரியாஹாட் கடைத்தெருவில் கட்டில் விலை கேட்டுவிட்டு, காது கேளாதவள்போல நடந்து வந்துவிட்டேன். செய்தித்தாளை விரித்து அதன்மேல் போர்வையைப் போட்டு நானும் மகளும் படுத்தோம்.

நான்காம் நாள் அரிசி வாங்கப் போனேன். அண்ணாச்சி தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "எப்ப வந்திய?" என்று கேட்டார். சொன்னேன்.

"எதுல படுக்கிய?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முன்பின் தெரியாத பெண்ணிடம் கேட்கிற கேள்வியா? "அதை ஏன் நீங்க கேக்கறீங்க?" என்றேன்.

"இந்த ஊரு தரை சரியான ஈரம்மா. பச்சப்புள்ளைய அதுல போடாதீய. பின்னால வந்து பாருங்க."

கடையின் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு அப்பால், ஒரு வீட்டுக்கான சாமான்கள் அத்தனையும் நின்றுகொண்டிருந்தன. சாய்த்து வைத்த கட்டில்கள், துணி போடும் ஆல்னாக்கள், மூன்று கால் ஒரு ஜாதியும் நாலாவது கால் வேறு ஜாதியுமான ஒரு சாப்பாட்டு மேசை. மாற்றலாகிப் போகும் குடும்பங்கள், லாரிக்கூலிக்குக் கட்டாது என்று விட்டுவிட்டுப் போனவை. அண்ணாச்சி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஊரைவிட்டுப் போகும்போது வெளியே விற்கக் கூடாது, அவரிடமே திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு கட்டிலையும் மொட்டைமாடிக்கு ஏற்றி, கொதிக்கும் வெந்நீரை இடுக்குகளில் ஊற்றி, மூன்று நாள் வெயிலில் போட்டு, மூட்டைப்பூச்சி இல்லை என்று தெரிந்த பிறகே கொடுப்பார். கட்டிலின் அடிப்பக்கத்தில், அது எந்த ஊர்க்காரர்களிடம் இருந்துவிட்டு வந்தது என்று சிவப்புப் பெயின்டில் எழுதி வைப்பார். ஊர் மட்டும்தான் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. என் கட்டிலின் அடியில் காரைக்குடி, விருதுநகர், வேலூர் என்று இருந்தது.

கொடுக்கும் விஷயத்தில் அவர் கொஞ்சம் அடாவடிக்காரர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டில் மட்டும் போதும் என்றேன். விரிசல் விட்ட கண்ணாடியோடு ஒரு ஒப்பனை மேசையும் கூடவே வந்தது. கட்டிலோடு எட்டுச் செங்கல்லும் வந்தன. "காலுக்கு ரெண்டு வச்சிக்கிடுங்க" என்றார். இது என்ன கூத்து என்று சிரித்து, செங்கல்லைக் கொல்லையில் போட்டுவிட்டேன். ஆடி மழையில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் முழங்கால் வரை வந்தபோதுதான் இந்த ஊர்க் கட்டில்கள் ஏன் செங்கல்மேல் நிற்கின்றன என்று புரிந்தது. மறுநாள் மெத்தையை உலர்த்திக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி வாசலில் வந்து பார்த்துவிட்டு, கொல்லைக்குப் போய்ச் செங்கல்லைப் பொறுக்கி வந்தார்.

அவரிடம் ஓர் இரும்புக் கட்டில் இருந்தது. மூடிப்போன ஒரு நர்சிங் ஹோமிலிருந்து அவரே வாங்கியது. கால்மாட்டில் உள்ள சாவியைச் சுற்றினால் தலைமாடு உயரும். தமிழர் வீடுகளில் யாராவது படுத்த படுக்கையானால் அது அங்கே போகும், பிறகு திரும்பி வரும்.

அம்மா இறந்தபின் அப்பா என்னோடு வந்து இருந்தார். நான்கு வருடங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தது. நான் கேட்கும் முன்பே, மிதிவண்டி வேனில் அந்தக் கட்டிலை ஏற்றிக்கொண்டு அண்ணாச்சியே வந்துவிட்டார். சாவியைச் சுற்றிக் காட்டினார். அப்பாவிடம், "ஐயா, இதுல படுத்தவங்க எல்லாரும் எந்திரிச்சு நடந்துட்டாங்க. நீங்களும் நடப்பிய" என்றார். பல நாட்களுக்குப் பிறகு அப்பா சிரித்தார். அன்று சாய்ந்து உட்கார்ந்து, தன் கையாலேயே தயிர்சாதம் சாப்பிட்டார்.

துர்கா பூஜை விடுமுறையில் அப்பாவைப் பார்க்க ஒரு நாகர்கோவில்காரப் பெண்மணி வந்தார். குனிந்தபோது கட்டிலின் அடிச்சட்டத்தில் தன் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முகம் மாறியது. என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "இதுலதான எங்க அத்த போனாங்க. அதுக்கு முன்னாடி சேலத்துக்காரங்க வீட்டுப் பெரியவரும் இதுலதான் போனாரு. உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார்.

நான் எம்.எஸ்ஸி. படித்தவள். அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்ப்பவள். ஆனாலும் அந்த நிமிடமே நேரே கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் நின்றார்கள், நான் பார்க்கவில்லை.

"செத்தவங்க கட்டில்ல எங்கப்பாவைப் படுக்க வச்சிருக்கீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

அவர் கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார். "சொல்லியிருந்தா எடுத்திருப்பியளா?"

"மாட்டேன்."

"அப்ப ஐயாவ எதுலம்மா சாய்ச்சு உக்கார வச்சிருப்பிய?"

 பதில் இல்லாததால் இன்னும் அதிகமாகக் கத்தினேன். பொய்யர் என்றேன். அதைவிடக் கேவலமாகவும் ஒன்று சொன்னேன். அதை எழுதக் கை வரவில்லை. அவர் "கட்டில அனுப்பிருங்க, வேற யாருக்காவது ஆகும்" என்றார், அவ்வளவுதான்.

நான் அனுப்பவில்லை. இனி இன்னொரு வீட்டை அது கெடுக்க வேண்டாம் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, தெருவில் கூவிக்கொண்டு போன பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். அவர் அதை வாசலிலேயே நான்கு துண்டாக்கி எடுத்துப் போனார். அப்பாவை மரக்கட்டிலில் கிடத்தினோம். "அந்தக் கட்டில் எங்கம்மா? அதுல உக்காந்து சாப்பிடலாமே" என்று இரண்டு முறை கேட்டார். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றேன். இரண்டு மாதத்தில் அப்பா போய்விட்டார். அந்தப் பழியையும் இரும்புக் கட்டிலின் தலையிலேயே போட்டேன். அண்ணாச்சி சுடுகாட்டுக்கு வந்து, ஓரமாக நின்று, கும்பிட்டுவிட்டுப் போனார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கட்டில் என்ன ஆயிற்று என்று அப்பாவின் காரியத்துக்கு வந்த நிமாய்தாவிடம் சொன்னேன். அவர் மூலம் அண்ணாச்சிக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான் சொன்னேன். போய்ச் சேர்ந்தது. அதன்பின் மூன்று வருடம் அரிசியை வேறு கடையில் வாங்கினேன்.

போன மாதம் நிமாய்தா எதேச்சையாக எதிரில் வந்தபோதுதான் செய்தி தெரிந்தது. அண்ணாச்சிக்குப் பக்கவாதம். ஏழு வாரமாகப் படுக்கை. மகன் பெங்களூரிலிருந்து வந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார். அன்று மாலையே போனேன்.

கடையின் பின்னறையில், அகலம் குறைந்த ஒரு பலகைக் கட்டிலில் கிடந்தார். அறையில் புண்ணின் வாடை. அவர் மனைவி சொர்ணம் அக்கா ஒல்லியானவர், அறுபதைத் தாண்டியவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தார்கள். தனி ஆளாக எப்படித் திருப்புவார்? முதுகில் புண் ஆழமாகிவிட்டது. வாடகைக்குக் கட்டில் எடுக்கலாம் என்றதற்கு, ரெண்டு வாரத்தில் எழுந்துவிடுவேன் என்று அண்ணாச்சியே தடுத்துவிட்டாராம்.

"நம்ம இரும்புக் கட்டில் இருந்தா சாவிய சுத்தித் தூக்கியிருப்பேன்" என்றார் அக்கா. "எங்க இருக்குன்னு கேட்டேன். ஒரு வீட்டுல பெரியவரு படுத்திருக்காரு, நல்லா தேறி வாராரு, இப்பப் போயி திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாக."

அந்தப் பெரியவர் என் அப்பா. செத்து மூன்று வருடம் ஆன என் அப்பாவைத் தேறி வருகிறவராக்கி, மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல், அந்த மனிதர் பலகையில் கிடந்து முதுகு அழுகியிருக்கிறார். இது என்ன பெருந்தன்மை என்று எனக்கு அவர்மேல் ஆத்திரம்கூட வந்தது. திட்டியிருக்கலாமே. ஆள் அனுப்பிக் கேட்டிருந்தால் நானே ஒன்று வாங்கிக் கொடுத்திருப்பேனே. அக்காவிடம் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இந்தக் கட்டுரையில்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். அக்கா இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மறுநாள் கரியாஹாட்டில் பிடித்து, சாவி வைத்த கட்டில் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தேன். நானும் நிமாய்தாவுமாக அவரை மாற்றிப் படுக்க வைத்தோம். தலைமாட்டை உயர்த்தினேன். கதவு வழியாகக் கடை தெரிந்தது. ஏழு வாரம் கழித்து அவர் தன் கடையைப் பார்த்தார். வாய் ஒருபக்கமாகக் கோணியிருந்தது, சொற்கள் குழறின. என்னை அருகில் வரும்படி கண்ணைக் காட்டினார்.

"இதுல... எத்தன பேரு போயிருப்பாக?"

"யாரும் போகல அண்ணாச்சி" என்றேன். "எல்லாரும் எந்திரிச்சு நடந்துட்டாங்க."

என்னையே பார்த்தார். நல்ல பக்கத்து உதடு மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. சிரிப்புதானா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டேன். அந்தக் கட்டிலில் அவர் இருந்தது ஒன்பது நாள். பத்தாம் நாள் காய்ச்சலில் நினைவு தப்பி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கண் திறக்கவே இல்லை.

வியாழன் மதியத்துக்குள் தெருவின் சங்கத்து ஆட்கள் எல்லா ஏற்பாட்டையும் செய்துவிட்டார்கள். இந்த ஊர் வழக்கப்படி, இறந்தவரைப் புதுக் கட்டிலில் வைத்துத்தான் எடுத்துப் போவார்கள். மகன் இன்னும் விமானத்தில் இருந்தார். "நீங்களே பாத்து வாங்கிருங்கம்மா" என்றார் சொர்ணம் அக்கா. சுடுகாட்டுத் தெருவில் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன. இழைப்புளி போடாத மரம், ஆணித்தலைகள் துருத்திக்கொண்டு, வரிசையாகக் கட்டில்கள். கடைக்காரர் காட்டியதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடியது. வேறு கேட்டேன்.

"ஒரு மணி நேரத்துக்குத்தானே தீதி, இது போதாதா?" என்றார் வங்காள மொழியில்.

போதாது என்றேன். மூன்றாவதாகக் காட்டியது அகலமாக, ஆடாமல் நின்றது. அதை எடுத்துக்கொண்டு வந்தோம். வாசலில் இறக்கியதும் சொர்ணம் அக்கா அதன் சட்டத்தைக் கையால் தடவிப் பார்த்தார். "கல்யாணத்துக்குக்கூட எங்களுக்குப் பழைய கட்டில்தான் வாங்குனாக. இவுக புதுக் கட்டில்ல படுத்து நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு, அதன்பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

மின்சாரத் தகன மேடையில் அவரை மூங்கில் தட்டுக்கு மாற்றினார்கள். கட்டிலைச் சுவரோரம் தள்ளினார்கள். இரும்புக் கதவு மூடும் முன்பே யாரோ இரண்டு பேர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்கள். நிமாய்தா தடுக்கப் போனார். "வேண்டாம், வேற யாருக்காவது ஆகும்" என்றேன்.

மன்னித்துவிடுங்கள் அண்ணாச்சி. உங்களுக்கென்று நான் வாங்கிய கட்டில் பவானிபூரிலிருந்து சுடுகாடு வரைக்கும்தான் உதவியது.