நீலக் குழாயில் ஐந்து விரல்

சனிக்கிழமை பின்னேரம் மாதா சுரூபம் எங்கள் வீட்டுக்கு வருகிறது என்று பங்குக் கோயிலிலிருந்து சொல்லிவிட்டார்கள். குருநகரில் அது சின்ன விசயமில்லை. மதில், படலை எல்லாம் பெயின்ற் அடித்தாயிற்று. கூரைப் பீலியும், அதிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் பிளாஸ்ரிக் குழாயும் மட்டும் கறை பிடித்துப் பழுப்பேறி நின்றன. மீன்பிடிப் போட்டுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் அரை வாளி கிடந்தது. ஏணியைச் சாத்தி நானே அடித்தேன்.

அடிக்க வேண்டியவர் முற்றத்தில் கதிரையில் இருந்தார். நாலு மாதத்துக்கு முன் என் கணவரைப் பாரிசவாதம் விழுத்திவிட்டது. கால் திரும்பி வந்தது. வலது கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் பிசையக் கொடுத்த ரப்பர் பந்து மடியில் சும்மா கிடக்கும். "இந்த விரல் மடங்காட்டி வலையும் இல்லை, கடலும் இல்லை" என்று ஒரு நாள் சொன்னவர், பிறகு பேச்சையே விட்டுவிட்டார். நான் மாதாவிடம் கேட்டதும் அந்த விரல்களை மட்டும்தான்.

மறுநாள் காலை, காய்ந்ததா என்று குழாயை நகத்தால் தொட்டுப் பார்த்தேன். அவித்த கிழங்குத் தோல்போல ஒரு முழ நீளத்துக்கு உரிந்து வந்தது! வந்த ஆத்திரத்தில் பெயின்ற் விற்றவன், பிளாஸ்ரிக் செய்தவன், பீலி பூட்டியவன் ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்த்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. நாலு மாதத்துக்குப் பிறகு.

"எடியேய், முப்பது வருசம் போட்டுக்காரனோடை குடும்பம் நடத்திப்போட்டு, மினுக்கத்தை உரஞ்சி எடுக்காமலே அடிச்சனியே?"

"தெரிஞ்ச மனிசன் நேற்றே வாயைத் திறந்திருக்கலாமே!"

"நீ கேட்டனியே?"

உண்மைதான். வருசா வருசம் போட்டை உரஞ்ச சாண்ட்பேப்பர் எடுத்துக் கொடுத்தது நான். வழுவழுப்பில் பெயின்ற் பிடிக்காது என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். வீட்டுக் குழாயும் அதே சாதிதான் என்று என் மரமண்டைக்குத்தான் எட்டவில்லை.

அவர் எழும்பி வந்தார். மேலே பீலியை நான் உரஞ்ச, கீழே குழாயை அவர் இடக்கையால் உரஞ்சினார். கழுவிக் காயவிட்டு, பின்னேரம் தூரிகையை எடுத்தோம். அவருடையது கோணல்மாணலாகத்தான் போனது.

"விடுங்கோ, நான் அடிக்கிறன்."

"நீ உன்ரை வேலையைப் பார்."

அடிப்பக்கம் அடிக்கக் குனிந்தவர் தடுமாறினார். "ஐயோ மாதாவே!" என்று ஏணியிலிருந்து கத்தினேன். விழவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூரிகை இடக்கையில் அப்படியே இருந்தது. அப்படியென்றால் குழாயைப் பிடித்திருந்த கை எது?

நான் அந்த வலக்கையையே பார்த்தேன். அவரும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், வேறு யாருடையதோ என்பதுபோல. பிறகு மெல்ல, ஒவ்வொரு விரலாக எடுத்தார். ஈரப் பெயின்றில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. சுண்டு விரல்கூட.

"அசிங்கமாக் கிடக்கு. உரஞ்சிப்போட்டுத் திரும்ப அடிப்பம்" என்றார்.

"அந்த அச்சைத் தொட்டுப் பாருங்கோ, தெரியும் சேதி!" என்றேன்.

சனிக்கிழமை மாதா வந்தார். சனமெல்லாம் முழங்காலில் நின்று, சுரூபத்தைப் பார்த்துச் செபமாலை சொன்னது. நான் வாசலுக்கு வெளியே தெரிந்த, விரல் அச்சு அழியாத அந்தக் குழாயைப் பார்த்துச் சொன்னேன்.