நிக்கல் பூசிய துப்பாக்கி

சுயாக் என்ற கடலோர ஊரில் நான் துப்பாக்கி உரிமம் எழுதும் குமாஸ்தாவாக இருந்தபோது, கரும்புத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வுபெற்ற சிர்தார் ஒருவர் அடிக்கடி வருவார். வெள்ளைக் கோட்டு, மெழுகு தடவிய மீசை. உட்காருமுன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பார். கூலிக்காரர்கள் உட்கார்ந்த நாற்காலியாம்.

பிரெஞ்சுக்காரர் காலத்துத் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. "துருவையெல்லாம் என் கையாலேயே சுரண்டி நிக்கல் பூச வெச்சேன். இப்ப ராஜா வீட்டுச் சாமான் மாதிரி இருக்கு" என்று பீற்றிக்கொண்டார்.

மறுவாரம், பழம்பொருள் சேகரிக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் அதை வாங்க விரும்பினார். உரிமத்தை மாற்றி எழுத இருவரும் என் மேசைக்கு வந்தார்கள். குழலைத் திருப்பிப் பார்த்த வெள்ளைக்காரர் முகம் சுளித்தார்.

"செய்தவனின் முத்திரையே போய்விட்டதே! துருவோடு விட்டிருந்தால் வாங்கியிருப்பேன். இனி இது வெறும் இரும்பு. யார் செய்த வேலை?"

சிர்தார் தயங்கவேயில்லை. துப்பாக்கிப் பெட்டியைச் சுமந்து வந்த தன் தோட்டக்காரக் கிழவரைக் காட்டி, "இந்த முட்டாள்தான், மிஸ்யே" என்றார்.

கிழவர் தலைகுனிந்து, "வுய், மிஸ்யே" என்று, ஆமாம் ஐயா என்பதைப் பிரெஞ்சில் சொன்னார்.

உண்மை தெரிந்த நானும் வாய் திறக்கவில்லை. அந்தச் சிர்தாரை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்புதான். ஆனால் அவனிடம் வேலை செய்யாத எனக்கு அன்று என்ன பயம் என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.